கண்மாய்க் கரை ரோட்டில் நாம் செய்யும் தப்புகள்

திருப்பத்தூர் பக்கமிருந்து காரைக்குடிக்கு விடிகாலையில் வண்டி ஓட்டி வருகிறவர்களுக்குத் தெரியும், ராத்திரி அடிபட்டதெல்லாம் தாரோடு தாராகக் கிடக்கும். சாரைப்பாம்பு, தவளை, கீரி, சில நாள் மரநாய். இடித்தவரைக் கேட்டால் ஒரே பதில்தான்: “திடீர்னு குறுக்கே வந்துருச்சு.”

அந்தத் ‘திடீர்’தான் முதல் தப்பு. நம்முடையது வானம் பார்த்த பூமி, ஊருக்கு ஊர் கண்மாய், ஊருணி. ரோடுகள் பலவும் கண்மாய்க் கரை மேலேயே போகின்றன, இல்லாவிட்டால் கரையை ஒட்டிப் போகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலோ கருவைக்காடோ. உடும்புக்குப் பொந்து அங்கே, இரை இங்கே என்றால் தினமும் தாண்டித்தானே ஆக வேண்டும்? ஐப்பசியில் நல்ல மழை விழுந்த ராத்திரி தவளைகள் முட்டையிடத் தண்ணீரைத் தேடிக் கிளம்பும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, வெயில் இறங்கின பிறகும் தார் சூடாக இருப்பதால் அங்கேயே படுத்தும் விடும். ஆக, கரை வந்தாலே வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் கரையை 80க்குப் பதில் 40இல் கடந்தால் கூடுதலாக ஆவது ஒன்றரை நிமிஷம். வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டவர்கள், நமக்கு இந்த ஒன்றரை நிமிஷம் பெரிதா என்ன?

அடுத்தது ஹை பீம். ராத்திரி நடமாடும் பல மிருகங்களுக்குக் கண்ணின் உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு, கொஞ்ச வெளிச்சத்தையே திருப்பி அடித்துப் பார்க்க உதவும். அந்தக் கண்ணில் மொத்த வெளிச்சத்தையும் கொட்டினால் புள்ளிமான் அப்படியே நின்றுவிடும். முயலோ, ஹை பீமில் மாட்டினால், வெளிச்சத்துக்கு உள்ளேயே நேராக ஓடும். ‘இது ஏன் ஒதுங்க மாட்டேங்குது’ என்று நாம் ஹாரனை அழுத்துவோம். லைட்டை டிம் பண்ணி, வண்டியை மெதுவாக்கி, சில வினாடி கொடுங்கள், பெரும்பாலும் போய்விடும். ஆனால் டிம்மில் 80இல் பறப்பதும் சரியில்லை. அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர், நீங்கள் பிரேக்கைத் தொட்டு வண்டி நிற்பதற்குள் 60 மீட்டர் போயிருக்கும், டிம் லைட் அவ்வளவு தூரம் காட்டினாலே அதிகம்.

மயிலுக்கு வேறு கணக்கு. குன்றக்குடி முருகனின் வாகனம்தான், ஆனாலும் கனமான பறவை. ஆண்மயிலுக்குத் தோகை வேறு. நினைத்தவுடன் எழும்பிவிடாது, ஹாரன் அடித்தால் ரோட்டிலேயே ஓடும். ரோட்டில் நெல் காயப்போடுகிறோமே, அதைக் கொத்தத்தான் அது அங்கே வந்து நிற்கிறது. காரிலிருந்து எறியும் மிச்சச் சோறும் பழத்தோலும்கூட இப்படித்தான் குரங்கையும் எலியையும் கூப்பிடும்.

நானே செய்த தப்பு ஒன்று. தேவகோட்டை ரோட்டில் ஒரு கீரி தாண்டியது, பிரேக் பிடித்தேன், அது வேலிக்குள் போனதும் முறுக்கினேன். பின்னாலேயே இன்னொன்று வந்தது. முன்சக்கரத்தில் சின்னதாக ஒரு தூக்கல், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் முதல் கீரி வேலி ஓரத்தில் தலையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தது. ஒன்று தாண்டினால் அடுத்ததும் வரும் என்று நின்று பாருங்கள். மானுக்கும் மயிலுக்கும் இதேதான். அதற்காகக் கடைசி நேரத்தில் வண்டியை ஒடிக்காதீர்கள், நேராகவே பிரேக் பிடியுங்கள். ஒடித்தால் புளியமரத்தில் போய் நிற்போம்.

நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பார்கள். இப்போது அந்த முகம் பெரும்பாலும் தாரில்தான் கிடக்கிறது. கிடக்கும் உடலைத் தின்ன வருகிற காக்கா, நாய், இன்னொரு நரி என்று அடுத்தடுத்து அடிபடுவதும் உண்டு. அதனால் செத்ததை நடுரோட்டில் விட்டுப் போவதும் தப்புதான். மயிலோ மானோ என்றால் எடுத்துப் போய்விடாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். மற்றதை, கையால் தொடாமல் ஓரமாகத் தள்ளிவிடலாம். என் வண்டியில் ஒரு பழைய சாக்கும் கம்பும் எப்போதும் கிடக்கும். நாலு பக்க லைட்டையும் போட்டு ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குவேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.