பைகேஸில் இருந்து பென்சீன், ஸ்டைரீன் பிரிக்கும்போது எங்கே சறுக்குகிறது?

நாப்தா என்ற பெட்ரோலிய திரவத்தை உடைத்து எத்திலீன் எடுக்கும் ஆலைகளில், பைகேஸ் என்ற மஞ்சள் திரவம் பக்கவிளைபொருளாக வருகிறது. பென்சீன், டொலுவீன், சைலீன், ஸ்டைரீன் எல்லாம் அதில் உண்டு. கொதிநிலை அட்டவணையைப் பார்த்தே பிரித்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே முளைக்கின்றன.

பென்சீன் 80.1 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, சைக்ளோஹெக்சேன் 80.7-இல். போதாக்குறைக்கு இரண்டும் சேர்ந்து கொதிநிலை மாறாக் கலவையாகிவிடும். வடிக்கும் கோபுரத்தில் எத்தனை தட்டு கூட்டினாலும் சுத்தமான பென்சீன் வராது. சல்ஃபோலேன் போன்ற கரைப்பானைச் சேர்த்து வடித்தால்தான் பென்சீன் போன்ற வளையச் சேர்மங்களான அரோமாட்டிக்குகள் கரைப்பானோடு கீழே இறங்கும், மற்றவை மேலே போகும். அந்தக் கரைப்பானையும் கண்டபடி சூடாக்கக் கூடாது. 220 டிகிரியைத் தாண்டினால் சிதைவு வேகம் பிடிக்கும். வெற்றிடப் பகுதியில் காற்று கசிந்தால் அமிலம் உருவாகி இரும்பை அரிக்கும்.

அடுத்தது, பதப்படுத்தாத பைகேஸை அப்படியே சூடாக்குவது. அதிலுள்ள டையீன்களும் (இரண்டு இரட்டைப் பிணைப்பு கொண்ட சேர்மங்கள்) ஸ்டைரீனும் சூட்டில் ஒன்றோடொன்று கோத்துப் பாலிமராகும். கோபுர அடியில் திரவத்தைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லரின் குழாய்ச் சுவரில் முதலில் மெல்லிய படலம்தான் படியும். வெப்பம் சரியாகக் கடக்காததால் அடிப்பகுதி வெப்பநிலை இறங்கும், உடனே நீராவியைக் கூட்டுவார்கள். சுவர் இன்னும் சூடாகும், படலம் இன்னும் தடிக்கும். கோபுரத்தின் மேலுக்கும் கீழுக்குமான அழுத்த வித்தியாசம் நாளுக்கு நாள் ஏறினால், பிசின் தட்டுகளையும் அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீராவியைக் கூட்டிச் சமாளிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

சரி, முதலில் ஹைட்ரஜனேற்றம் செய்து, அதாவது ஹைட்ரஜனைச் சேர்த்து டையீன்களை அடக்கிவிட்டு, வடிக்கலாமே? பென்சீன் மட்டும் போதுமென்றால் அதுதான் வழி. ஆனால் ஸ்டைரீன் அதில் எத்தில்பென்சீனாக மாறிவிடும். ஸ்டைரீன் வேண்டுமானால் அதற்கு முன்பே, வெற்றிடத்தில், குறைந்த சூட்டில் எடுக்க வேண்டும். இங்கேயும் கரைப்பான் இல்லாமல் முடியாது: ஸ்டைரீன் 145.2 டிகிரியில் கொதிக்கிறது, ஆர்த்தோ சைலீன் 144.4-இல். பக்கத்திலேயே கொதிக்கும் ஃபீனைல் அசிட்டிலீனை முன்கூட்டியே தேர்ந்து ஹைட்ரஜனேற்றாவிட்டால் அதுவும் கூடவே வந்து சேரும்.

பாலிமராவதைத் தடுக்கச் சேர்க்கும் தடுப்பான் விஷயத்தில் அனுபவசாலிகளே ஏமாறுவதுண்டு. சேமிப்புத் தொட்டியில் ஸ்டைரீனைக் காக்கும் டிபிசி (டெர்ட்-பியூட்டைல்கேட்டகால்), கரைந்த ஆக்சிஜன் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். வெற்றிடக் கோபுரத்தில் ஆக்சிஜன் ஏது? அங்கே அதை நம்பக் கூடாது, ஆக்சிஜன் இல்லாமலே செயல்படும் வேறு தடுப்பான் வேண்டும்.

பாரா சைலீனையும் மெட்டா சைலீனையும் வடித்துப் பிரிக்க முயல்வது வீண் செலவு. கொதிநிலை வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. படிகமாக்கலோ, திடப்பொருளின் பரப்பில் ஒட்டவைத்துப் பிரிக்கும் பரப்புக்கவர்ச்சியோதான் அங்கே கைகொடுக்கும்.

அப்புறம், மாதிரி எடுக்கத் திறந்த பாட்டில் வேண்டாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிசெய்யப்பட்ட விஷயம், மூடிய அமைப்பில்தான் எடுக்க வேண்டும். அது 5.5 டிகிரியிலேயே உறைந்துவிடுவதால், குளிர் பகுதிகளில் குழாய்க்குச் சூடேற்றும் ஏற்பாடும் தேவை.