மதுரைக் கோயில் வீதிகளை ஒரே நாளில் நடந்து சுற்ற, நடந்தே சாப்பிட: முதல்முறை வருகிறவர்களுக்கு

மதுரைக்கு முதல்முறை வருகிற பலர் மீனாட்சி அம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு, மதியத்துக்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தம். கோயிலைச் சுற்றியிருக்கிற பழைய மதுரைதான் ஊரே, அதை நடந்துதான் பார்க்க முடியும். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், கீழே சொல்கிற வரிசையில் போங்கள்.

படி 1: வீதிகளை மனப்பாடம் செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி கிடையாது, வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், அதனால் வரைபடம் உங்கள் தலைக்குள் இருந்தால் நல்லது. விஷயம் சுலபம்தான். நடுவில் கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் நாலு பக்கமும் ஓடும், கிழக்கில் ஓடுவது கீழ, மேற்கில் மேல. ஆக, ‘மேலமாசி வீதி’ என்று யாராவது சொன்னால் கோயிலுக்கு மேற்கே, சித்திரையையும் ஆவணி மூலத்தையும் தாண்டி மூன்றாவது தெரு என்று உடனே புரிந்துவிடும். வழி தப்பினால் கோபுரம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பாருங்கள், நாலில் உயரமானது தெற்குக் கோபுரம்.

வெளி வீதி இருக்கிற இடத்தில் முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து ஊரை விரிவாக்கினார். வேலையைப் பார்த்த மாரெட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன, கலெக்டர் நினைவாக ஊர்க்காரர்கள் நட்டது விளக்குத்தூண்.

படி 2: விடியற்காலையில் கோயில்

ரயிலில் வந்தால் எதிரே டவுன்ஹால் ரோடு, அதில் நேராக நடந்தால் கோயிலின் மேற்குப் பக்கம். பேருந்தில் வருகிறவர்கள் பெரியார் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அரைக்கால் சட்டை, கையில்லாத உடை வேண்டாம். கோயில் அதிகாலையிலேயே திறந்து, பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, மாலை நாலு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். பதினொரு மணிக்கு வந்து வரிசையில் நின்றால் நாளே போச்சு.

வழக்கப்படி, கிழக்கே அம்மன் சன்னதி பக்கம் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள், பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பது 985 தூண்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு இதே கோயிலுக்குள் நுழைந்தார். கக்கனும் உடன் வந்தவர்களும் சாதியின் பெயரால் அதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள். உள்ளே நடக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலைப் பலகாரம்

மேலமாசி வீதியில் முருகன் இட்லி கடை. இட்லியும் சட்னி வகைகளும் போதும், வயிற்றை ரொப்பிக்கொள்ள வேண்டாம், நாள் நீளம்.

அதே மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில்தான் காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று வழக்கமான உடையை விட்டு அரையாடைக்கு மாறினார். கீழே இப்போது காதி கடை. பெரிய வழிகாட்டிப் பலகையை எதிர்பார்க்காதீர்கள், கடைக்காரர்களைக் கேட்டால் காட்டுவார்கள்.

படி 4: மகால், பத்துத்தூண், விளக்குத்தூண்

கோயிலுக்குத் தென்கிழக்கே திருமலை நாயக்கர் மகால், 1636-இல் கட்டியது. வெயில் ஏறுவதற்குள் முற்பகலிலேயே போய்விடுங்கள். இப்போது நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான், பேரன் சொக்கநாத நாயக்கர் பல பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். இல்லாமல் போனதின் அளவு புரிய ஒரு வழி இருக்கிறது: மகாலிலிருந்து வடக்கே நடந்து, கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் நிற்கிற பத்துத்தூணைத் தேடிப் பிடியுங்கள். அந்தப் பத்து கல்தூண்களும் அரண்மனையைச் சேர்ந்தவைதான். சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் இது, எனக்கோ மகாலைவிட இதுதான் பிடிக்கும்.

மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் நாயக்கர் காலத்திலிருந்து வாழ்கின்றன. துணியைக் கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கிற சுங்குடிச் சேலை அவர்களுடையது. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கும்போது முடிச்சுப் போட்டதா, அச்சடித்ததா என்று கேளுங்கள். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, துணியில் லேசான சுருக்கமும் தெரியும்.

அப்புறம் விளக்குத்தூண். ஜிகர்தண்டா இங்கேதான். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வாங்கியதும் நன்றாகக் கலக்காதீர்கள், அடியில் பிசினும் மேலே ஐஸ்கிரீமும் தனித்தனியாக வாயில் படட்டும்.

படி 5: மதியம்

ஓய்வெடுங்கள். மதுரை வெயிலோடு மல்லுக்கட்டி ஒன்றும் ஆகாது.

படி 6: நாலு மணிக்கு மேல்

மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை, அங்கே வெள்ளை அப்பம். அதோடு கோயிலின் கிழக்கே போய்ப் புதுமண்டபத்தைப் பாருங்கள், எதிரே எழுகடல் தெருவில் பாதியில் நின்றுபோன ராயகோபுரத்தின் அடிப்பாகம் நிற்கிறது. புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் இருந்தார்கள், இப்போது அவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். இருட்டுகிற நேரத்தில் தள்ளுவண்டிகள் வரும். பருத்திக் கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பால் கட்டாயம் குடியுங்கள், முள்ளுமுருங்கை வடை கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள்.

படி 7: இரவு, முதலில் பள்ளியறை, பிறகு கறிதோசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள், அசைவம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக இங்கே பலருக்கு மனம் வராது. ஒன்பது மணி வாக்கில் சொக்கநாதரை, அதாவது இங்குள்ள சிவனை, பல்லக்கில் மேளத்தோடு மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். எட்டரைக்கே உள்ளே இருங்கள். அது முடிந்து கைபேசியை வாங்கிக்கொண்டு வடக்கே சிம்மக்கல் பக்கம் நடந்தால் கோனார் கடை. கறிதோசை என்பது கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் வேகவைத்த கொத்துக்கறி, அப்படியே திருப்பிப் போட்டு வேகவைத்துத் தருவது. இரண்டு பேர் போனால் முதலில் ஒன்று மட்டும் சொல்லிப் பகிர்ந்து சாப்பிடுங்கள், பசி இருந்தால் இரண்டாவது சூடாகவே வரும்.