பழைய சென்சாரில் கூலன்ட் மீட்டர்

குன்னூர் மலைப்பாதை ஏறும் பழைய ஜீப்புக்கு கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூடு காட்டும் மீட்டர் வேண்டுமா? காயலான் கடையில் இரண்டு பின் உள்ள கூலன்ட் சென்சாரைச் சாக்கெட்டோடு வெட்டி வாங்குங்கள். மரை உங்கள் எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும்.

சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும். ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அடுத்து சென்சார், பிறகு கிரவுண்ட். ரெசிஸ்டரும் சென்சாரும் சேரும் இடத்திலிருந்து போர்டில் வோல்டேஜை அளக்கும் ஏ0 பின்னுக்கு ஒரு வயர்.

அப்புறம் சென்சார் நுனியை வெந்நீரில் முக்கி, எந்தச் சூட்டுக்கு ஏ0-வில் என்ன அளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை 100 என்று எழுதினால் மீட்டர் காலத்துக்கும் பொய் சொல்லும். தெர்மாமீட்டர் வைத்தே குறியுங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி லைனில் 14 வோல்ட் வரும், நடுநடுவே வோல்டேஜ் திடீரென்று எகிறும் ஸ்பைக் வேறு. நானோவுக்கு நேராகக் கொடுக்காதீர்கள். 1 ஆம்ப் ஃபியூஸ் போட்டு, கார் லைனுக்கென்றே வரும், வோல்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர் வழியாக 5 வோல்ட் எடுங்கள்.