மறியலில் (சிறையில்) இருப்பவருக்குக் கடிதம்: இலங்கை மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்களுக்குப் படிப்படியாக

வீட்டில் ஒருவர் மறியலுக்குப் போய்விட்டால் முதல் இரண்டு வாரம் சொந்தபந்தம் எல்லாம் ஓடும். லோயரைப் பார்க்க ஒருவர், பொலிசுக்கு ஒருவர், நேர்த்தி வைக்க ஒருவர். பிணை இழுபட இழுபட ஓட்டம் குறையும். கொழுந்தெடுக்கப் போகிறவர் ஒரு நாள் மறியலுக்குப் போய் வந்தால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போச்சு, பஸ் காசும் போச்சு. மாதம் ஒருமுறை என்றிருந்தது தீபாவளிக்கு ஒருமுறை என்றாகிவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் சொல்கிறேன்: நேரில் போய்ப் பார்ப்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கடிதத்தை முதலில் ஒழுங்கு பண்ணுங்கள். முடிகிறபோது போய்ப் பாருங்கள்.

படி 1: எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறார்?

நீதவான் விளக்கமறியல் (வழக்கு முடியுமுன் சிறையில் வைப்பது) என்று சொன்னதும் எல்லோரும் அழுதுகொண்டு வெளியே வந்துவிடுவார்கள். எந்தச் சிறைச்சாலை, வழக்கு இலக்கம் என்ன, அடுத்த தவணை எப்போது என்ற மூன்றையும் அங்கேயே லோயரிடமோ நீதிமன்ற அலுவலகத்திலோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹட்டன் கோர்ட்டில் வழக்கு என்பதால் ஹட்டனிலேயே வைத்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரியவர்கள் இன்னமும் "போகம்பறைக்குப் போறோம்" என்றுதான் சொல்வார்கள். கண்டி டவுனில் இருந்த அந்தப் பழைய சிறைச்சாலை 2014இல் பல்லேகலைக்கு மாறிவிட்டது. அங்கே இப்போதைய சிறைச்சாலையின் பெயர் தும்பறை. கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய பக்கம் போகிற பஸ்ஸில் ஏற வேண்டும். ஊவாப் பக்கத்து ஆட்கள் பதுளையில் இருக்கலாம். கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் பிடிபட்டவர் வெலிக்கடைச் சிறைச்சாலையிலோ மெகசின் சிறைச்சாலையிலோ இருக்கலாம்.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கூப்பிடுகிற பெயர் ஒன்று, செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவில்) ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. போதாக்குறைக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும். சிறைச்சாலைப் பதிவில் இருப்பது பெரும்பாலும் அடையாள அட்டைப் பெயர், அதுவும் சிங்களத்தில் எழுதியது. வாசலில் போய் "எங்க குட்டி இருக்கானா" என்று கேட்டால் அவர்கள் யாரைத் தேடுவார்கள்? வழக்குத் தாளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி அதன் கீழே சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள். சிறைச்சாலைப் பதிவு இலக்கம் கிடைத்தால் அதையும் சேருங்கள். இனி எல்லா வேலைக்கும் அந்த ஒரு பக்கம்தான்.

படி 2: பதில் வருவதற்கு ஒரு விலாசம்

ஆட்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். டவுன்காரருக்கு வீட்டு இலக்கம் இருக்கிறது, தெரு இருக்கிறது. நமக்கு எத்தனை தலைமுறை ஆனாலும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். தபால் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் எந்த வீட்டுக்குப் போகும் என்று அந்தத் தபாலுக்கே தெரியாது.

அனுப்புநர் இடத்தில் இப்படி எழுதுங்கள்: உங்கள் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், லயத்து இலக்கம், காம்பரா (அறை வீடு) இலக்கம், பிரிவின் பெயர் (மேற்பிரிவா கீழ்ப்பிரிவா), தோட்டத்தின் பெயர், கடைசியில் உங்கள் தபாலகம். அந்தத் தபாலகப் பெயரை விட்டுவிட்டால் கடிதம் சுற்றிச் சுற்றி வரும்.

இன்னொரு விஷயம். மறியலிலிருந்து வந்த கடிதம் ஆபீசில் பத்துப் பேர் கைப்பட்டு வருவதில் சிலருக்குச் சங்கடம். அது நியாயமான சங்கடம்தான், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். அப்படியானால் டவுனில் தெரிந்த கடைக்காரர், ஸ்கூல் டீச்சர், கோயில் ஐயர், சர்ச் ஃபாதர் என்று யாரிடமாவது கேட்டு, அவர்களின் பொறுப்பில் என்று விலாசம் போடுங்கள். கேட்காமல் போட வேண்டாம். ஒரு தடவை கொடுத்த விலாசத்தை மாற்றவும் வேண்டாம். உள்ளே இருப்பவர் அதை மனப்பாடம் பண்ணி வைத்திருப்பார்.

படி 3: கடிதம்

கடிதத்தை உள்ளே கொடுக்குமுன் அதிகாரிகள் வாசிப்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். தெளிவான கையெழுத்து, ஒரு தாள், இரண்டு பக்கம் போதும். வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்: யார் சாட்சி சொன்னது, யார் காட்டிக்கொடுத்தது, லோயர் என்ன சொன்னார், எதுவுமே வேண்டாம். பணம் எவ்வளவு, எங்கே வைத்திருக்கிறது என்றும் எழுதாதீர்கள்.

வேறு என்னதான் எழுதுவது என்று கேட்பீர்கள். "நாங்கள் நலம், நீ நலமா, கவலைப்படாதே" என்று எழுதினால் மூன்று வரியில் கடிதம் முடிந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு வேண்டியது வீட்டில் நடக்கிற சின்னச் சின்ன விஷயம். தம்பிக்கு அக்கா எழுதுவதாக ஒரு மாதிரி பாருங்கள்:

"அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. இது இரண்டாவது கடிதம். முதல் கடிதம் கிடைத்ததா என்று எழுது. இங்கே மூன்று நாளாக மழை, பீலிக்கரைப் பாதை வழுக்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலிதான், வேறொன்றுமில்லை. உன் நாய் இப்போது என் காம்பரா வாசலில்தான் படுக்கிறது, அம்மா கூப்பிட்டால் போகாது. உன் மகள் தமிழ்ப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள், அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். கொல்லையில் நீ நட்ட போஞ்சி காய்த்துவிட்டது. கொடிக்குக் கம்பு எவ்வளவு உயரம் கட்ட வேண்டும்? மறக்காமல் எழுது."

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். பதில் சொல்ல ஏதாவது ஒன்று கேட்டு வைத்தால்தான் பதில் வரும். அதுவும் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றாக இருக்கட்டும். அப்புறம் "இரண்டாவது கடிதம்" என்று இலக்கம் போட்டிருக்கிறதே, அதையும் விடாதீர்கள். நடுவில் ஒன்று காணாமல் போனால் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும்.

எழுத வாசிக்கத் தெரியாத அம்மா என்றால் அவர் சொல்லச் சொல்ல, அவர் வாய்ச் சொல்லிலேயே எழுதுங்கள். அதைத் திருத்தி "மேன்மைதங்கிய" தமிழாக மாற்றுகிற பிள்ளைகள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

படி 4: தபாலில் போடுதல்

உறையின் மேல் கைதியின் பெயர், இலக்கம், சிறைச்சாலையின் பெயர், ஊர். தமிழில் எழுதி, அதன் கீழே கொப்பியில் இருக்கிற சிங்கள எழுத்தையும் பார்த்து எழுதினால் தபாலிலும் சிறைச்சாலையிலும் வேலை இலகு. சாதாரணக் கடிதத்தின் ஆகக் குறைந்த முத்திரைக் கட்டணம் 2022 ஆகஸ்டில் 15 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 50 ரூபாவானது. தபாலகத்தில் கேட்டே ஒட்டுங்கள். முத்திரை குறைந்தால் கடிதம் தடங்கும். ஒவ்வொரு கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பத் தேவையில்லை, முக்கியமான தாள் என்றால் மட்டும் அனுப்புங்கள். உறைக்குள் காசு வைக்கவே கூடாது. பதில் எழுத உறையும் முத்திரையும் கொடுக்கலாமா என்று சிறைச்சாலை நலன்புரி அதிகாரியிடம் கேளுங்கள்.

சம்பளத்துக்கு மறுநாள், அமாவாசை என்று ஏதாவது ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மாதாமாதம் அந்த நாளில் போடுங்கள். ஒரு மாதம் நாலு பக்கம் எழுதிவிட்டு மூன்று மாதம் சும்மா இருந்தால் உள்ளே இருப்பவர் வேண்டாததையெல்லாம் யோசிப்பார்.

படி 5: பார்க்கப் போகும்போது

விளக்கமறியலில் இருப்பவரைப் பார்க்க ஒரு விதி, தண்டனை பெற்றவரைப் பார்க்க இன்னொரு விதி. தண்டனை பெற்றவருக்கு வாய்ப்பு குறைவு. நாள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். அடையாள அட்டை கட்டாயம். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. சாப்பாடு, சவர்க்காரம் எதுவானாலும் பிரித்துப் பார்ப்பார்கள், பணிஸைக்கூட வெட்டுவார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, பிரிக்கச் சுலபமாகக் கொண்டுபோங்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள், இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கிடைப்பது சில நிமிடம். அதில் அழுகையும் வந்துவிட்டால் ஒன்றும் பேச முடியாது. சொல்ல வேண்டியதில் முக்கியமான இரண்டை பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிடுங்கள். மிச்சம் கடிதத்தில்.

செப்டெம்பர் 12 கைதிகள் தினம். அன்றும் தீபாவளி, புத்தாண்டு போன்ற நாட்களிலும் திறந்த வெளியில் பார்க்கவும், ஒருவருக்குப் போதுமான வீட்டுச் சாப்பாடு கொடுக்கவும் சிறைச்சாலைத் திணைக்களம் வழக்கமாக விசேட அனுமதி அறிவிக்கும். வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அந்த நாளாகப் பார்த்துப் போங்கள்.

விளக்கமறியல் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. நீதவான் ஒரு தடவையில் பெரும்பாலும் 14 நாளுக்குத்தான் மறியல் கொடுப்பார், தவணைக்குத் தவணை வழக்கு கூப்பிடப்படும். அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிற நாள் என்றால் பல்லேகலைக்குப் போவதைவிட ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ போவது உங்களுக்குக் கிட்ட. பேச முடியாமல் போனாலும் முகத்தையாவது பார்க்கலாம். ஆனால் இப்போது சில தவணைகளை வீடியோவிலேயே முடித்துவிடுகிறார்கள். முதல் நாளே லோயரிடம் கேளுங்கள்.

போன் வந்தால்

உள்ளே கைப்பேசி வைத்திருப்பது குற்றம். தெரியாத இலக்கத்திலிருந்து "உங்க ஆள் பேசணுமாம், ரீலோட் போடுங்க" என்றால் போடாதீர்கள். அது ஏமாற்று என்றால் உங்கள் காசு போகும்; உண்மை என்றால் அவருக்கு இன்னொரு வழக்கு வரும்.

பதிலே வராவிட்டால்

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் முதலில் அவரை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். கொப்பிப் பக்கத்தைப் பார்த்து, அந்தச் சிறைச்சாலை அத்தியட்சகருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள 1988இல் வந்த 16ஆவது திருத்தத்திலிருந்தே அரசியலமைப்பில் இடமிருக்கிறது. இதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். லோயருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம். உள்ளே அடிபட்டிருக்கிறார், மருந்து கொடுக்கவில்லை என்று தகவல் வந்தால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கண்டியிலும் பதுளையிலும் அவர்களுக்குக் கிளை அலுவலகம் இருக்கிறது. நேரில் போவதானால் கொப்பியையும் தபால் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.