இங்கிலாந்து அரச ஆணைக்குத் தேதி கணக்கிடுவது

கொங்குக் கோயில் கல்வெட்டுகளில் ‘யாண்டு’ (அரசரின் ஆட்சியாண்டு) எண் படித்துப் பழகியவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலைதான். ஆணையின் கடைசி வரிக்குப் போங்கள். சாட்சி, ஊர், நாள், ஆட்சியாண்டு அங்கே இருக்கும். மூன்றாம் ஹென்றியின் முதலாண்டு, அவர் முடிசூடிய 1216 அக்டோபர் 28இல் தொடங்குகிறது. 20ஆம் ஆண்டு என்றால் 1216உடன் 19ஐக் கூட்டுங்கள். நவம்பர் 5 என்றால் 1235. மார்ச் 5 என்றால், ஜனவரியைத் தாண்டிவிட்டதால், இன்னும் ஒன்று கூட்டி 1236. நேராக 20ஐக் கூட்டினால் நவம்பர், டிசம்பர் ஆணைகள் ஓராண்டு தள்ளிப்போகும்.

தலைவலி ஜான் மன்னர்தான். அவர் ஆண்டு இயேசுவின் விண்ணேற்றத் திருநாளில் தொடங்கும். அதுவோ ஆண்டுதோறும் தேதி மாறும் ஈஸ்டரோடு நகரும். 3ஆம் ஆண்டு 1201 மே 3 முதல் 1202 மே 22 வரை ஓடியதால், மே 10 இருமுறை வரும். இரு ஆண்டுகளிலும் அன்று அரசர் எந்த ஊரில் இருந்தார் என்று பார்த்து, ஆணையில் உள்ள ஊரோடு ஒப்பிட்டுப் பிரித்தறியுங்கள்.