அரக்குச் சிவப்பு ஏன் மங்குகிறது: திருத்திய படங்களை இணையத்துக்காகச் சேமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டுப்புடவைகளை இணையத்தில் விற்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: படத்தில் பார்த்தது ஒரு நிறம், வீட்டுக்கு வந்தது வேறு நிறம். படம் எடுத்தவரும் அதைத் திருத்தியவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். கடைசி அரை நிமிடத்தில், கோப்பைச் சேமிக்கும் இடத்தில்தான், பல நேரங்களில் அந்த உழைப்பு வீணாகிறது. அரக்குச் சிவப்பு உடலும் மெல்லிய சரிகைக் கோடுகளும் கொண்ட ஒரு காஞ்சிபுரம் புடவையின் படத்தை எடுத்துக்கொண்டு, அது கேமராவிலிருந்து வாங்குபவரின் கைபேசி வரை போகும் வழியில் எங்கெங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

முதல் தவறு, திருத்திய மூலத்தின் மேலேயே ஜேபெக் கோப்பைத் திரும்பத் திரும்பச் சேமிப்பது. இன்று வெளிச்சத்தைக் கூட்டிச் சேமிக்கிறோம், நாளை ஓரத்தை வெட்டிச் சேமிக்கிறோம், அடுத்த வாரம் கடையின் பெயரைச் சேர்த்து மறுபடியும் சேமிக்கிறோம். 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளைத் தோராயமாக்கிச் சுருக்குகிறது. எதையும் மாற்றாமல் அதே தர அளவில் மறுபடி சேமித்தால் இழப்பு சிறியதுதான். ஆனால் இடப்பக்கம் மூன்று பிக்சல் வெட்டிவிட்டாலே கட்டங்களின் எல்லைகள் நகர்ந்துவிடும். பழைய தோராயத்தின் மேல் புதிய தோராயம் ஏறும். படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிச் சரிகைக் கரையின் விளிம்பைப் பாருங்கள். சிவப்பும் பொன்னிறமும் சேரும் இடத்தில் பொடிப்பொடியான அழுக்கு போல ஒன்று தெரியும். அது நெசவில் இருப்பதன்று, சேமிப்பில் சேர்ந்தது.

ஆகவே, திருத்தும் மென்பொருளின் சொந்த வடிவத்தில் மூலத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி, ஜிம்பில் எக்ஸ்சிஎஃப், அல்லது பொதுவாக டிஃப். வண்ணத்துக்கு 16 பிட் என்று சுருக்கமில்லாத டிஃப் கோப்பாக வைத்தால், 2.4 கோடி பிக்சல் கொண்ட ஒரு படம் 144 மெகாபைட் இடம் பிடிக்கும். பிடிக்கட்டும், அது உங்கள் கணினியில் இருக்கப்போகும் கோப்பு, வாங்குபவருக்குப் போவதன்று. இணையத்துக்கான நகலை ஒவ்வொரு முறையும் அந்த மூலத்திலிருந்தே புதிதாக ஏற்றுமதி செய்ய வேண்டும். ஜிம்ப் 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து ‘சேமி’ என்பதையும் ‘ஏற்றுமதி’ என்பதையும் தனித்தனிக் கட்டளைகளாகப் பிரித்தபோது பலர் எரிச்சலடைந்தார்கள். என் மட்டில், அந்தப் பிரிவினை மிகச் சரியான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது.

அடுத்து அளவு. 6000க்கு 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, ஏற்றுமதிப் பெட்டி கேட்கும் தர எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே போவது மிகப் பரவலான தவறு. கைபேசித் திரையில் 400 அலகு அகலத்தில் காட்டப்படும் படத்துக்கு, ஓர் அலகுக்கு மூன்று பிக்சல் என்று மும்மடங்கு அடர்த்தியுள்ள திரையிலும் 1200 பிக்சல் போதும். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தாலே மொத்தப் பிக்சல்கள் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்காகிவிடும். அதன் பிறகு தரத்தை வெட்டிச் சிதைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. கூர்மை சேர்ப்பதை அளவைக் குறைத்த பின்னரே செய்ய வேண்டும், ஏனென்றால் பெரிய படத்தில் சேர்த்த கூர்மை சுருக்கும்போது கரைந்துவிடும். அங்குலத்துக்கு 72 புள்ளியா 300 புள்ளியா என்ற கவலை அச்சுக்கு உரியது. உலாவி அந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை.

தர எண்ணை 100-இல் வைப்பதும் பயனற்றது. 100 என்றால் இழப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். வழக்கமான ஜேபெக்கில் அப்போதும் சிறு இழப்பு உண்டு, கோப்பு மட்டும் மிகவும் பெருத்துவிடும். 75-க்கும் 85-க்கும் இடையே தொடங்கி, சரிகையைப் பார்த்துக்கொண்டே கூட்டியோ குறைத்தோ முடிவு செய்வது நல்லது. ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80 ஆகாது. ஜேபெக்கின் 80-உம் வெப்பி என்ற இன்னொரு பட வடிவத்தின் 80-உம் ஒன்றாகா. கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன், ஏனென்றால் புடவைப் படங்களில் இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. மனிதக் கண் ஒளி வேறுபாட்டை நுட்பமாகவும் வண்ண வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணர்கிறது. அதைப் பயன்படுத்தி, ஒளியளவை முழுமையாகவும் வண்ணத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று நான்கில் ஒரு பங்காகவும் சேமிக்கும் வழக்கம் உண்டு. 4:2:0 என்று குறிப்பது இதைத்தான். வானம், மரம், முகம் ஆகியவற்றில் இது தெரியாது. ஆனால் அடர்சிவப்புத் துணியின் மேல் ஓடும் ஒற்றைப் பிக்சல் அகலச் சரிகைக் கோட்டில், பக்கத்துச் சிவப்பு கசிந்து பொன்னிறம் மங்கிப்போகும். ஜேபெக் ஏற்றுமதியின் கூடுதல் அமைப்புகளில், வண்ணத்தையும் முழுமையாகச் சேமிக்கும் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு சற்றுப் பெருத்தாலும் கோடு தெளிவாக நிற்கும். கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பி பொதுவாக ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பைத் தரும் நல்ல வடிவம். ஆயினும் அதன் இழப்புள்ள முறையில் 4:2:0 தவிர வேறு வழியில்லை. இத்தகைய புடவைக்கு 4:4:4 ஜேபெக், அல்லது அந்த வசதி உள்ள ஏவிஐஎஃப் என்ற பட வடிவம், இவற்றையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நிறம் முழுவதுமே வெளிறிப்போவதற்குக் காரணம் வேறு. எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்று வகுப்பது வண்ணவெளி. கேமராவிலோ மென்பொருளிலோ அடோபி ஆர்ஜிபி என்ற வண்ணவெளியில் வேலை செய்துவிட்டு, அந்த விவரம் அடங்கிய வண்ணக் குறிப்பை நீக்கி ஏற்றுமதி செய்தால், பெரும்பாலும் உலாவி அதே எண்களை, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியின் எண்கள் என்று எண்ணிக்கொண்டு காட்டும். அரக்குச் சிவப்பு செங்கல் நிறத்தை நோக்கி நகர்வது இப்படித்தான். ஏற்றுமதியின்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, குறிப்பையும் கோப்பினுள் வைக்க வேண்டும். அது வழக்கமாக மூன்று கிலோபைட் அளவுதான். அதை மிச்சம்பிடிக்கப் போய் நிறத்தை இழக்கக் கூடாது. ‘மாற்று’ என்ற கட்டளைக்கும் ‘ஒதுக்கு’ என்ற கட்டளைக்கும் வேறுபாடு உண்டு: முன்னது நிறத்தைக் காத்து எண்களை மாற்றும், பின்னது எண்களை அப்படியே விட்டு நிறத்தை மாற்றிவிடும்.

வடிவங்களை மாற்றிப் பயன்படுத்துவது அடுத்த தவறு. ‘பிஎன்ஜி தரம் குறையாதது’ என்று கேள்விப்பட்டுப் புகைப்படங்களை எல்லாம் அதில் சேமித்தால், பட்டு போன்ற நுண்ணிய இழைகள் நிறைந்த படம் ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெருக்கும். ஏற்கெனவே சிதைந்த ஜேபெக்கைப் பிஎன்ஜியாக மாற்றினாலும் போன விவரம் திரும்பாது. விலையும் எழுத்தும் மட்டுமே உள்ள அட்டைக்கும், பின்னணி ஒளிபுகக்கூடியதாக இருக்க வேண்டிய கடைச் சின்னத்துக்கும் பிஎன்ஜி மிகப் பொருத்தம். அவற்றை ஜேபெக்கில் வைத்தால் எழுத்தைச் சுற்றி மொய்த்ததுபோல் புள்ளிகள் தோன்றும், ஒளிபுகு தன்மையும் போய்விடும். 256 வண்ணங்களுக்கு மேல் தாங்காத ஜிஃப், புகைப்படத்துக்கு ஆகவே ஆகாது. ஐஃபோனிலிருந்து வரும் ஹெச்இஐசி கோப்பின் பெயரின் இறுதியை மட்டும் ஜேபிஜி என்று மாற்றுகிறவர்களும் உண்டு. பெயர் மாறுமே தவிர உள்ளிருப்பது மாறாது, பெரும்பாலான உலாவிகள் அதைக் காட்டவும் மாட்டா.

வீட்டிலேயே படம் எடுத்து விற்பவர்கள், அவர்களில் பலர் பெண்கள், கட்டாயம் கவனிக்க வேண்டியது, கேமரா படக் கோப்பினுள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்பு. கைபேசிக் கேமராவில் இட அனுமதி கொடுத்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்பினுள்ளேயே பதிவாகும். படத்தை இறக்கிப் பார்க்கும் எவரும் உங்கள் வீட்டு வாசலை வரைபடத்தில் காண முடியும். ஏற்றுமதிப் பெட்டியில் இருப்பிட விவரத்தை நீக்கும் தேர்வை எப்போதும் போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக நீக்கும் கருவிகளைப் பயன்படுத்தினால், வண்ணக் குறிப்போடு படத்தின் திசைக் குறிப்பும் போய், புடவை பக்கவாட்டில் படுத்துக் கிடக்கக்கூடும்.

இவ்வளவும் செய்த பின், கணினியிலிருந்து கைபேசிக்குப் படத்தை வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பி, வந்ததை இணையத்தில் ஏற்றினால் பாடுபட்டது வீண். அந்தச் செயலி தன் போக்கில் மறுபடி சுருக்கியிருக்கும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ‘புடவை’ என்ற மூன்றெழுத்துச் சொல், கணினி எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் ஒருங்குறியில் (யூனிகோட்) ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிவதால், இணைப்பை நகலெடுத்துப் பகிரும்போது அது 45 எழுத்துச் சரமாகக்கூடும். தமிழைப் படத்தின் விளக்கத்தில் தாராளமாக எழுதலாம், கோப்புப் பெயருக்கு இடைவெளியில்லாத சுருக்கமான ஆங்கில எழுத்துகளே வசதி.

கடைசியாக ஒன்று: ஏற்றுமதியான கோப்பைத் திறந்து பார்க்காமலே ஏற்றிவிடுகிறோம். திருத்தும் மென்பொருளின் திரையில் தெரிவது மூலம்தான், வாங்குபவர் பார்க்கப்போவது வேறொரு கோப்பு. அந்தக் கோப்பையே கைபேசி உலாவியில் திறந்து, பகல் வெளிச்சத்தில் புடவையின் முந்தானையைப் பக்கத்தில் விரித்து, சிவப்பையும் சரிகையையும் இரண்டிலும் மாறி மாறிப் பாருங்கள்.