அதுவா, இதுவா? பெரட்டு முடிந்ததும் பத்து நிமிடம்

செம்பனை எண்ணெய் ஆலையில் ஒரே வேலிக்குள் பல உலகங்கள் இருக்கின்றன. எடைமேடையில் இருப்பவர் லோரி ஓட்டுநர்களோடு மட்டும்தான் பேசுவார். ஆய்வுக்கூடப் பிள்ளைகளுக்கு எண்ணெயின் அமில அளவைப் பார்ப்பதே வேலை. கொதிகலன் பக்கம் இரைச்சல்; அங்கே கைச்சாடைதான் மொழி. அலுவலகத்தில் நாங்கள் கணினியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்போம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அமிலம் ஏறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அமிலம் ஏறிய அன்றுதான் இந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். அப்போது வருவது பேச்சில்லை, பழி.

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் உள்ள ஓர் ஆலையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். எங்களிடம் இதை மாற்றியது ஒரு சின்னப் பழக்கம். கற்பனையாக இரண்டு வாய்ப்புகளைச் சொல்லி, “அதுவா, இதுவா?” என்று கேட்பது. இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தபின் ஏன் என்று சொல்ல வேண்டும். கேட்கும்போது பிள்ளை விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு மனிதரிடம் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் வாயடைத்துப் போவார். அவரிடமே “மலையா, கடலா?” என்று கேட்டுப் பாருங்கள், சொந்த ஊரில் தொடங்கி அப்பா வரைக்கும் பேசிவிடுவார். தோட்டத்திலோ ஆலையிலோ பட்டறையிலோ பத்திருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்காக, செய்யும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நேரம்

காலைப் பெரட்டில், அதாவது வேலை தொடங்குமுன் ஆட்கள் கூடி நிற்கும்போது, பாதுகாப்பு அறிவிப்பு முடிந்ததும், வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம். நின்றுகொண்டே நடத்தலாம். சம்பள நாளும் வேண்டாம், இயந்திரம் நின்றுபோன மறுநாளும் வேண்டாம்.

வேலை நேரத்துக்குள்ளேயே நடத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2023 ஜனவரி முதல் நம் வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்ததை 45 ஆகக் குறைத்திருக்கிறது. அந்த 45க்குள்ளிருந்துதான் இந்தப் பத்து நிமிடமும் வர வேண்டும். வேலை முடிந்து பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஏற்றப் போகிறவரை நிறுத்தி வைத்து “ஒற்றுமை வளர்ப்போம்” என்றால், வளர்வது எரிச்சல்தான்.

படி 2: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

நல்ல கேள்விக்கு மூன்று சோதனை வைத்திருக்கிறேன்.

ஒன்று, இரண்டு பக்கமும் சம எடையாக இருக்க வேண்டும். “ஒரு லட்சம் ரிங்கிட்டா, ஒரு ரிங்கிட்டா?” என்றால் அது கேள்வியே இல்லை. “வாழ்நாள் முழுக்க மழைக்காலமா, வாழ்நாள் முழுக்க வெயில்காலமா?” என்றால் யோசிக்க வைக்கும். மழையில் தோட்டத்துச் சாலை சேறாகி லோரி மாட்டிக்கொள்ளும். வெயில் நீண்டால் பல மாதம் கழித்துக் காய்ப்பு குறையும். பதில் எதுவாக இருந்தாலும் அவரவர் வேலை அதில் வந்துவிடும்.

இரண்டு, நேற்று வேலைக்குச் சேர்ந்த பங்களாதேஷ் தம்பியிலிருந்து மேனேஜர் வரை யாரும் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “லண்டனா, பாரிசா?” என்பது போய்ப் பார்த்தவர்களுக்கான கேள்வி. “பிறந்த ஊரில் ஒரு நாளா, பார்க்காத ஊரில் ஒரு நாளா?” என்பது எல்லாருக்குமான கேள்வி.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. கேள்வியில் இருப்பதை மேலிடத்தால் கொடுக்கவும் முடியக்கூடாது, எடுக்கவும் முடியக்கூடாது. “கூடுதல் விடுமுறையா, கூடுதல் சம்பளமா?” என்று கேட்டால் கேட்பவருக்கு அது கற்பனை. நிற்பவர்களுக்கு அப்படி இல்லை. “எதையோ மாற்றப் போகிறார்கள், முன்கூட்டியே நம் வாயைக் கிண்டுகிறார்கள்” என்று நினைப்பார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700க்கு ஏறிய சமயத்தில் யார் எதைக் கேட்டாலும் எல்லாருடைய காதும் அந்தப் பக்கம்தான் இருந்தது. சம்பளம், ஓவர்டைம், ஷிப்டு மாற்றம், வீடு ஆகியவற்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் நேராகக் கூட்டம் போட்டுக் கேளுங்கள். விளையாட்டுக்குள் ஒளித்துக் கேட்காதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அதன்பிறகு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

மதம், சாதி, திருமணம், உடல் எடை இந்தப் பக்கமும் போக வேண்டாம். தடத்தில் ஓடிவரும் வண்டியைத் திருப்பி ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுப்பீர்களா என்ற கேள்வியும் வேண்டாம். அது 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அறிஞர் எழுப்பிய சிந்தனைச் சோதனை. வகுப்பறைக்கு மிக நல்லது. எங்கள் ஆலையிலோ குலை ஏற்றிய கூண்டுகள் உண்மையாகவே தண்டவாளத்தில் ஓடி நீராவிக் கலனுக்குள் போகின்றன. அந்தத் தடத்தின் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு அது கற்பனை ஆகாது. உங்கள் வேலையிடத்தில் எது கற்பனை, எது கண்முன் நிற்கும் பயம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

படி 3: முதலில் மறைவாகக் குறி, பிறகு காட்டு

எங்களிடம் நீண்ட நாள் தடுக்கிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டதும் மேனேஜர் உற்சாகமாக “மலை!” என்பார். அடுத்து உதவி மேனேஜர், “மலைதான்”. மண்டோர் என்ற மேற்பார்வையாளர், “மலை”. வரிசை முடியும்வரை மலைதான். மீன் பிடிக்காமல் ஒரு ஞாயிறும் கழியாத ஆளும் மலை என்றார். யாரும் பயமுறுத்தவில்லை, மேனேஜரும் நல்ல மனிதர். மரியாதை என்று நாம் பழகி வைத்திருப்பது அப்படி வேலை செய்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். எந்தக் கோடு சமம் என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆனால் முன்னேற்பாடாக மற்றவர்கள் எல்லாரும் தவறான பதிலைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சாய்ந்துவிட்டது. வாயால் சொல்லாமல் தனியாக எழுதித் தரச் சொன்னபோது அந்தச் சாய்வு பெரிதும் குறைந்தது. கோட்டின் நீளத்துக்கே இப்படி என்றால், மலையா கடலா என்பதில் மேலதிகாரியோடு யார் முரண்படுவார்?

ஆகவே எழுதிக் காட்டுங்கள். நாங்கள் பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தைப் பயன்படுத்துகிறோம். முதல் வாய்ப்புக்கு வட்டம், இரண்டாவதற்குப் பெருக்கல் குறி. எழுத்து வேண்டாம். எங்களிடம் தமிழ், மலாய், வங்காளம், நேப்பாளி எல்லாம் உண்டு. யார் எந்த எழுத்தில் எழுதுவார் என்ற கவலையே இல்லை. சீட்டை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். “மூணு” என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும்.

இதோடு ஒரு விதி: பதவியில் பெரியவர் காரணத்தைக் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். எங்கள் மேனேஜர் உடனே ஒப்புக்கொண்டார். சீட்டுகள் திரும்பிய முதல் நாள் பாதிக்குப் பாதி வட்டமும் பெருக்கலுமாக நின்றதைப் பார்த்து அதிகம் மகிழ்ந்தவரும் அவர்தான்.

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆட்களைப் பிரிந்து நிற்கச் சொல்லும் முறையும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. முதலில் நகர்பவர் எங்கே போகிறாரோ அங்கேதான் கூட்டமும் போகும்.

படி 4: “ஏன்?”

தேர்வு வெறும் வாசல். உள்ளே போவது இந்தக் கேள்வியால்தான். குறைவான பேர் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பெரும்பான்மை பேசிவிட்டால் அவர்கள் விளக்கம் சொல்லத் தயங்குவார்கள். யாரையும் வற்புறுத்த வேண்டாம். “அடுத்த வாரம் சொல்றேன்” என்பதும் பதில்தான்.

ஓர் உதாரணம். எங்கள் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டார்கள். பால்மரம் என்கிற ரப்பர் மரத்தையும் செம்பனையையும் பார்த்த குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால் ஒரு வாரம் இப்படிக் கேட்டோம்: “பழைய காலத்துக்குப் போக முடிந்தால், பால்மரத் தோட்டத்தில் ஒரு நாளா, செம்பனைத் தோட்டத்தில் ஒரு நாளா?” இளையவர்கள் பலர் பால்மரம் என்றார்கள். விடியுமுன்னே போனால் பால் நன்றாக வடியும், மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று பாட்டி சொல்லிக் கேட்டவர்கள். பால்மரம் என்று எல்லாரும் எதிர்பார்த்த பெரியம்மா, அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குபவர், செம்பனைக்குக் குறி போட்டிருந்தார்.

ஏன் என்றோம். சின்னப் பெண்ணாக இருந்தபோது செம்பனையின் பெண் பூவில் மகரந்தத் தூள் தூவும் வேலைக்குப் போனாராம். தோழிகள் கூட்டமாக நிரை நிரையாக நடப்பார்களாம், பேச்சும் பாட்டுமாகப் பொழுது போகுமாம். ஆய்வுக்கூடத்துப் பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம், ஏனென்றால் அவள் படித்ததெல்லாம் வண்டு மகரந்தம் பரப்பும் என்பதுதான். அந்த வண்டைக் கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் நம் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவை பெரியம்மாவைப் போன்றவர்களின் கைகள்தாம். அந்தப் பத்து நிமிடம் அன்று போதவில்லை. இப்போது காய் சரியாகப் பிடிக்காத குலை வந்தால், அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் காட்டப் போகிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை: பட்டிமன்றம் ஆக்கிவிடாதீர்கள். நமக்கு இரண்டு பக்கம் என்றாலே நடுவர் ஞாபகம் வந்துவிடும். தீர்ப்பு சொன்னால் ஒரு பக்கம் தோற்றுப்போகும். தோற்றவர் அடுத்த வாரம் சீட்டை யோசித்து யோசித்துத் திருப்புவார். யார் சரி என்று இங்கே யாரும் சொல்லக்கூடாது.

படி 5: நிறுத்துவது

பத்து நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள், பேச்சு சூடாக இருந்தாலும். மீதியைப் பசியாறும்போது அவர்களே பேசிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

எந்த வரிசையில் கேட்பது?

லேசாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஆழமாக்குங்கள். ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத இருவர் மாறி மாறிப் பதில் சொல்ல 36 கேள்விகள் இருந்தன. அவற்றை மூன்று தொகுப்பாக, போகப்போக மனசுக்கு நெருக்கமாக அமைத்திருந்தார்கள். முதல் வாரமே ஆழத்துக்குப் போனால் எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். நான் போகும் வரிசை ஏறக்குறைய இது:

– காலையில் நாசி லெமாக்கா, தோசையா?
– கம்போங் குவாந்தான் ஆற்றில் மின்மினி பார்க்கும் ஓர் இரவா, கடலோரத்தில் ஒரு மாலையா?
– பறக்கும் சக்தியா, எல்லா மொழியும் புரியும் சக்தியா?
– ஒரு நாள் மட்டும் வேலையை மாற்றிக்கொள்ளலாம்: கொதிகலனா, எடைமேடையா?
– இன்று தெரிந்த எல்லாவற்றோடும் 15 வயதுக்குத் திரும்புவதா, 70 வயதில் உங்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வருவதா?
– உங்கள் கைத்தொழிலைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதா, பிள்ளையிடமிருந்து ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வதா?

நாலாவது கேள்வியை விடாதீர்கள். அன்றுதான் கொதிகலன்காரர் எடைமேடையில் நடப்பதை முதன்முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கருவிகள்

பெருக்கிப் போடும் தாளும் ஒரு தடிப் பேனாவும் போதும். கஹூட் என்ற வினாடி வினாச் செயலி வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது வேகமாகச் சரியான விடை சொல்பவருக்குப் புள்ளி தரும் போட்டிக்கு அருமையாகப் பொருந்தும். நம் கேள்விகளுக்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) வாக்கெடுப்பு வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. யார் எதற்கு வாக்களித்தார் என்பது உடனுக்குடன் குழுவில் தெரியும். படி 3 வீணாகிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

நோன்பு மாதத்தில் சாப்பாட்டுக் கேள்விகளை எடுத்துவிடுங்கள் என்று ஒரு தோட்டத்து நண்பர் எழுதியிருந்தார். மிகச் சரி. அந்த மாதத்தில் பயணம், சிறுவயது, விளையாட்டு என்று கேட்கலாம்.

“இரண்டும் வேண்டாம்” என்று அடம்பிடிப்பவரை என்ன செய்வது? வெற்றுச் சீட்டைக் காட்டட்டும். ஏன் இரண்டும் வேண்டாம் என்று கேளுங்கள். பல நேரம் அவரிடம்தான் மூன்றாவதாக ஒரு நல்ல பதில் இருக்கும்.

மொழி: கேள்வியைத் தமிழிலும் மலாயிலும் இருமுறை சொல்லுங்கள். “பிலி சத்து” (மலாயில், ஒன்றைத் தேர்ந்தெடு) என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டினால் எல்லாருக்கும் புரியும். பதிலை அவரவர் மொழியிலேயே சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்வார். அப்படி எடுத்துச் சொல்வதே இருவரைப் பழக வைக்கிறது.

இரவு ஷிப்டுக்காரர்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்களிடம் காவலர் கொட்டகையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அந்த வாரக் கேள்வியைப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுவோம். அவர்கள் வேலைக்கு வரும்போது குறியும், விரும்பினால் ஒரு வரிக் காரணமும் எழுதிப் போடுவார்கள். மறுவாரப் பெரட்டில் அவற்றைத்தான் முதலில் வாசிப்போம். பெயர் போடுவதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம்.